பாரா டியூட்டிக்கு எந்தத் துப்பாக்கி? ரைபிளா, ஷாட்கன்னா?

பப்ஜி ஆடினவங்களுக்கு எஸ்1897-ஐ மறக்க முடியாது. இறங்கின வீட்டுல வேற எதுவும் கிடைக்கலன்னா அதைத்தான் தூக்கிட்டு ஓடுவோம். பக்கத்துல வந்தா ஒரே அடி, நாலு வீடு தள்ளி நின்னா எதிரிக்குக் கொசுக்கடி. எம்416 கிடைச்ச அடுத்த நிமிஷம் அதைக் கீழே போட்டுடுவோம். அந்த எஸ்1897 கேம்காரங்க கற்பனை இல்லை. 1897-ல வந்த வின்செஸ்டர் கம்பெனியோட பம்ப் ஷாட்கன் அது. ஜான் பிரவுனிங் வடிவமைச்சது. முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவம் அதைத் தூக்கிட்டுப் போச்சு, அதுக்கப்புறமும் பல வருஷம் காவல் வேலைக்கு வச்சிருந்தது.

இப்போ கேமை மூடிட்டு ஒரு கேள்வி. ராத்திரி ரெண்டு மணி. ஒரு ராணுவ முகாம் வாசல்ல நீங்க தனியா பாரா நிக்கிறீங்க. ஆயுதக் கிடங்குல ரெண்டு இருக்கு, ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன். எதை வாங்கிட்டு வருவீங்க?

"பக்கத்துல ஷாட்கன், தூரத்துல ரைபிள்"னு உடனே சொல்லத் தோணும். தப்பில்லை. ஆனா பாதி பதில்தான். மீதிப் பாதியை நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸை வச்சே கண்டுபிடிக்கலாம். அமெரிக்க ராணுவத்தை எடுத்துக்கறேன், ஏன்னா ரெண்டையும் காவலுக்கு நூறு வருஷமா பக்கத்துப் பக்கத்துல வச்சிருந்தவங்க அவங்கதான்.

முதல்ல கருவி. ரைபிள் குழலுக்குள்ள சுருள் சுருளா பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதுல கடிச்சுக்கிட்டுச் சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் சுத்துற வரைக்கும் சாயாது இல்லையா, அதே கதைதான். சுழலுற குண்டு மூக்கை முன்னாடி வச்சே போகும். ஷாட்கன் குழல் உள்ளே வழவழன்னு இருக்கும். ஒரு தோட்டாவுக்குள்ள பல ஈய உருண்டைகளை அடைச்சு ஒரே நேரத்துல அனுப்பும்.

'12 போர்'னு சொல்றாங்களே, அந்த 12 என்ன? மில்லிமீட்டர் இல்லை. குழலோட உள்விட்ட அளவுக்குச் சரியா ஈய உருண்டை செஞ்சா, ஒரு பவுண்டு ஈயத்துல எத்தனை உருண்டை வருமோ அந்த எண்ணிக்கை. 12 உருண்டை வந்தா 12 போர். கணக்குப் போட்டா விட்டம் 18.5 மி.மீ. வரும். எண் கூடினா குழல் சின்னதாகுது, அதனாலதான் 20 போர் 12 போரை விட ஒல்லி. ஈயத்தோட அடர்த்தியை மட்டும் கூகுள் பண்ணிட்டு நீங்களே சரிபார்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

ராணுவக் காவலுக்கு ஷாட்கன்ல போடறது பெரும்பாலும் 'டபுள் ஆட் பக்'. ஒரு தோட்டாவுல 9 ஈய உருண்டை. ஒவ்வொண்ணும் 8.4 மி.மீ. விட்டம், சுமார் 3.5 கிராம். கிளம்பற வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர். எதிர்ப்பக்கம் எம்16 ரைபிளோட 5.56 மி.மீ. குண்டு. எடை 4 கிராம், வேகம் சுமார் 940 மீட்டர்.

அரை எம் வி ஸ்கொயர் போடுங்க. ரைபிள் குண்டுக்குச் சுமார் 1,770 ஜூல் வரும். ஷாட்கன் உருண்டை ஒண்ணுக்கு 280 ஜூல்தான், ஆனா ஒன்பதையும் கூட்டினா 2,520. அப்போ ஷாட்கன் பெருசா? குழல் வாய்ல நின்னு பார்த்தா ஆமா. அதுக்கான விலையை உங்க தோள்தான் கொடுக்கும். உந்தம் பாருங்க. ரைபிளுக்கு 0.004 பெருக்கல் 940, அதாவது 3.8 கிலோகிராம் மீட்டர்/வினாடி. ஷாட்கனுக்கு 0.0315 பெருக்கல் 400, அதாவது 12.6. ரெண்டு துப்பாக்கியும் 3.5 கிலோன்னு வச்சுக்கிட்டா, ரைபிள் உங்க தோளை நோக்கி வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல வரும், ஷாட்கன் மூணரை மீட்டருக்கு மேல. வெடிமருந்து வாயுவோட உந்தத்தை நான் சேர்க்கலை. சேர்த்தா இடைவெளி கொஞ்சம் குறையும், ஆனா யார் பலமா உதைப்பாங்கங்கறது மாறாது.

இது ஏன் முக்கியம்னா, பாரா நிக்கிறவங்க எல்லாரும் கமாண்டோ கிடையாது. சமையல்காரர், கிளார்க், மெக்கானிக்னு எல்லாருக்கும் முறை வரும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை சுடப் பழகறவங்க கையில பலமா உதைக்கிற துப்பாக்கியைக் கொடுத்தா, ரெண்டாவது தடவை விசையை அழுத்தறப்போ கண்ணை மூடிக்குவாங்க. எம்16-ல அந்தப் பயம் ரொம்பக் கம்மி.

சரி, குறிக்கு வருவோம். "ஷாட்கன்னா குறியே பார்க்க வேண்டாம், அந்தப் பக்கமா திருப்பிச் சுட்டா போதும்"னு சினிமா சொல்லிக்கொடுத்திருக்கு. இதை அளந்து பார்த்துடலாம். சாதாரண குழல்ல உருண்டைகள் விரியறதுக்கு ஒரு பழைய தோராய விதி இருக்கு: ஒரு கெஜ தூரத்துக்கு ஒரு அங்குலம். நம்ம அளவுல மீட்டருக்கு 2.8 செ.மீ. அஞ்சு மீட்டர்ல விரிவு 14 செ.மீ., ஒரு உள்ளங்கை அளவு. பத்து மீட்டர்ல 28 செ.மீ., ஒரு சாப்பாட்டுத் தட்டு. அவ்வளவுதான். கதவை மறைக்கிற மாதிரியெல்லாம் விரியாது.

இன்னும் ஒரு படி போவோம். மனுஷனோட மார்பு அகலம் சுமார் 45 செ.மீ., அதாவது நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 22. இருட்டு, பதட்டம், குறி ஒரு டிகிரி தப்பிடுச்சு. பத்து மீட்டர்ல ஒரு டிகிரின்னா 17 செ.மீ. விலகல். ரைபிளா இருந்தாலும் அந்தக் குண்டு மார்புலதான் படும். ரெண்டு டிகிரி தப்பினா 35 செ.மீ. விலகும், ரைபிள் குண்டு காத்துல போயிடும். ஷாட்கனோட வட்டம் ஆரம் 14, அதனால வட்டத்தோட ஓரம் மட்டும் உரசும். ஒண்ணோ ரெண்டோ உருண்டை படலாம். ஆக ஷாட்கன் மன்னிக்கிற தப்பு கூடுதலா ஒரு டிகிரி கூட முழுசா இல்லை. பெருமையா பேசற அளவுக்கு இல்லைங்க.

இப்போ 40 மீட்டருக்குப் போங்க. வட்டம் 1.1 மீட்டர் ஆயிடுச்சு. பரப்பு சுமார் 0.95 சதுர மீட்டர். மார்பும் வயிறும் சேர்ந்து 45-க்கு 60 செ.மீ.ன்னா 0.27. ஒன்பது உருண்டையும் சமமா விழுதுன்னு வச்சா ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு படும். மீதி ஆறு? காவல்காரன் கேட்டுக்க வேண்டிய கேள்வியே இதுதான். படாத குண்டு எங்கே போச்சு?

ராணுவ முகாம் வாசல்ங்கறது போர்க்களம் இல்லை. பின்னாடி பாரக்ஸ் இருக்கும், ஆள் தூங்கிட்டிருப்பாங்க. எதிர்ல ரோடு, பஸ் ஸ்டாப், டீக்கடை. சுடறவன் மனசுல இலக்கு மட்டும் இருந்தா போதாது, இலக்குக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதும் இருக்கணும். இங்கேதான் ரெண்டு கருவியும் எதிரெதிரா பிரியுது.

உருண்டை காத்துல போறதுக்கு மோசமான வடிவம். எடையை விட்டத்தோட வர்க்கத்தால வகுத்துப் பாருங்க. 8.4 மி.மீ. உருண்டைக்கு 0.05, 5.56 குண்டுக்கு 0.12. இதுலயே ரெண்டரை மடங்கு வித்தியாசம். அது போக உருண்டையோட காற்றுத்தடைக் குணகம் கூர்மையான குண்டை விடச் சுமார் மூணு மடங்கு. ரெண்டையும் பெருக்கினா, ஒவ்வொரு மீட்டருக்கும் உருண்டை தன் வேகத்துல இழக்கற பங்கு ரைபிள் குண்டைப் போல ஏழெட்டு மடங்கு வந்துடும். அதனால ஷாட்கன் 40 மீட்டர் தாண்டினா நம்ப முடியாத கருவி. எம்16ஏ2-க்கு ராணுவம் எழுதி வச்சிருக்கற பயனுள்ள தூரம் 550 மீட்டர்.

ஆனா இதே பலவீனத்தைத் திருப்பிப் பாருங்க. தப்பிப் போன ரைபிள் குண்டு வானத்தைப் பார்த்துச் சரியான கோணத்துல போனா 3,600 மீட்டர் வரைக்கும் போய் விழும். நம்ம கேம்பஸ் தாண்டி, பக்கத்து ஊரையும் தாண்டி. உருண்டைகளுக்கு ழூர்னேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பேர்ல ஒரு சூத்திரம் இருக்கு: அங்குலத்துல விட்டத்தை 2,200-ஆல பெருக்கினா அதிகபட்ச தூரம் கெஜத்துல வரும். டபுள் ஆட் பக்குக்கு 0.33 பெருக்கல் 2,200, அதாவது 726 கெஜம், சுமார் 660 மீட்டர். அஞ்சுல ஒரு பங்குக்கும் கம்மி. ஊருக்கு நடுவுல இருக்கற முகாமுக்கு இது சின்ன விஷயமில்லை.

"அப்போ கட்டடத்துக்குள்ள ஷாட்கன்தான் பாதுகாப்பு"ன்னு முடிச்சுடாதீங்க. அமெரிக்க வீடுகள்ல, ஆபீஸ்கள்ல உள்சுவர் ஜிப்சம் போர்டுதான். எடை குறைஞ்ச வேகமான 5.56 குண்டுகள் அதைத் துளைச்சதும் நிலைகுலைஞ்சு புரளும், சில உடையும், சீக்கிரம் ஆற்றலை இழக்கும். ஈய உருண்டை புரள என்ன இருக்கு? எப்படித் திருப்பினாலும் உருண்டைதான். அது நேரா அடுத்தடுத்த போர்டையும் துளைச்சுட்டுப் போகும். எஃகு முனை வச்ச 5.56 வகை மட்டும் இதுல விதிவிலக்கு, அது நல்லாவே ஊடுருவும். ரைபிள் என்றாலே பத்துச் சுவர் தாண்டும், ஷாட்கன் என்றால் ஒண்ணுல நிக்கும்ங்கற பேச்சு இப்படித்தான் அடிபட்டுப் போகுது.

எதிராளி உடல்கவசம் போட்டிருந்தா கதை வேற. துணி மாதிரி இருக்கற மென்கவசம் ஈய உருண்டைகளைப் பெரும்பாலும் நிறுத்திடும். ரைபிள் குண்டை நிறுத்தத் தனியா கெட்டித் தகடு வேணும்.

கொஞ்சம் வரலாறு. 1917-ல அமெரிக்கா போர்ல இறங்கினப்போ வின்செஸ்டர் 97-க்கு ரெண்டு வேஷம் போட்டாங்க. ஒண்ணு பதுங்குகுழி வேஷம்: குழல் மேல ஓட்டை போட்ட தகடு (கை சுடாம இருக்க), முனையில கத்தி மாட்டற கொக்கி. இன்னொண்ணு வெறும் குட்டைக் குழல், கலவரத் துப்பாக்கின்னு பேர். இதுதான் கைதிகளைக் காவல் காக்கறவங்க கைக்குப் போனது. ரெண்டாம் உலகப் போர்லயும் போர்க்கைதி முகாம்கள்ல, ஆயுதத் தொழிற்சாலை வாசல்கள்ல காவலாளிங்க இப்படிப்பட்ட ஷாட்கன்களோட நின்னாங்க. அந்த வேலைக்கு அது பொருத்தம்தான். கைதி 300 மீட்டர் தள்ளி இல்லை, பத்தடியில இருக்கான். அதோட, அந்த அகலமான குழல் வாயைப் பார்க்கறவனுக்கே பாதி தைரியம் போயிடும். காவல்ல அதுவும் ஒரு வேலைதான், சுடாமலே நிறுத்தறது.

பதுங்குகுழியில ஒரு வேடிக்கை நடந்தது. மெட்டீரியல் சயின்ஸ் படிக்கறவங்க கவனிங்க. அப்போ ஷாட்கன் தோட்டாவோட உடம்பு காகிதம். குழியில சேறு, மழை. காகிதம் ஊறி உப்பிடும், துப்பாக்கிக்குள்ள போகாது. ராணுவம் கடைசியில முழுக்கப் பித்தளையில தோட்டா செய்ய வேண்டி வந்தது. பிளாஸ்டிக் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி முழுசா தீர்ந்தது. விறைப்பா மழைக்கோட்டுல நிக்கிற காவல்காரனோட தோட்டா நனைஞ்சா வேலை செய்யுமாங்கறது எந்த கேம்லயும் வராத கேள்வி.

1918 செப்டம்பர் 19-ஆம் தேதி ஜெர்மனி அமெரிக்காவுக்கு ஒரு எதிர்ப்புக் கடிதம் அனுப்பிச்சு. 1907 ஹேக் உடன்படிக்கை தேவையில்லாத வேதனை தர்ற ஆயுதங்களைத் தடை செய்யுது, ஷாட்கன் அந்த வகை, அதோட பிடிபடற வீரர்களோட உயிருக்கு உத்தரவாதம் இல்லைங்கறது சாரம். விஷவாயு விட்டவங்க சொன்ன புகார்ங்கறதை மறக்கக் கூடாது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் ஏத்துக்கலை. எங்க ஆட்களைக் கொன்னா பதிலடி இருக்கும்னு சொல்லிட்டார். ஏழெட்டு வாரத்துல போரே முடிஞ்சிடுச்சு.

தோட்டாவை மாத்திக்கலாம்ங்கறது ஷாட்கனோட இன்னொரு பலம். அதே குழல்ல ரப்பர் உருண்டை போடலாம், மணல்பை மாதிரி ஒண்ணு போடலாம், பூட்டை உடைக்கற தோட்டா போடலாம். ரைபிளுக்கு இந்த வசதி இல்லை. கேட்கறதுக்கு மனிதாபிமானமா இருக்கும். ஆனா அதே 12 போர் பம்ப் துப்பாக்கியில சின்னச் சின்ன உருண்டைகளைப் போட்டு, உயிர்போகாத ஆயுதம்னு சொல்லித்தான் காஷ்மீர்ல கூட்டத்து மேல சுட்டாங்க. 2016-ல கண் போனவங்க எத்தனை பேர்ங்கறது செய்தியிலே பார்த்ததுதான். 'உயிர் போகாது'ங்கறதையும் 'பாதிப்பு இல்லை'ங்கறதையும் ஒண்ணா நினைக்கறது ஆபத்தான தப்பு.

இனி அலுப்பான விஷயங்கள். உண்மையில முடிவை எடுக்கறது பெரும்பாலும் இதுதான். ஷாட்கன் குழாய்ல 5 முதல் 8 தோட்டா, தீர்ந்தா ஒவ்வொண்ணா விரலால திணிக்கணும். ரைபிள் மேகசின்ல 30, தீர்ந்தா ரெண்டு மூணு வினாடியில மாத்திடலாம். 5.56 தோட்டா ஒண்ணு 12 கிராம், 12 போர் தோட்டா 45 கிராமுக்கு மேல. நூறு தூக்கணும்னா ஒண்ணேகால் கிலோவா, நாலரை கிலோவா? அது போக, அந்தச் சிப்பாய் ஏற்கனவே ரைபிள்ல பயிற்சி எடுத்தவன். ஷாட்கன்னா தனிப் பயிற்சி, தனித் தோட்டா, தனி ஸ்டாக் ரிஜிஸ்டர், தனி ஸ்பேர் பார்ட்ஸ். இன்வென்டரி மேனேஜ்மென்ட் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இது உடனே புரியும்.

காவல்ல இன்னொரு தினசரி ஆபத்து, தானா வெடிக்கறது. எட்டு மணி நேரம் தோள்ல தொங்கற துப்பாக்கி கதவுல இடிக்கும், ஜீப்ல ஏறும்போது விழும். பல பம்ப் ஷாட்கன்கள்ல சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டும், விழுந்த அதிர்ச்சியில ஊசி நகர்றதைத் தடுக்காது. அதனால அறையில தோட்டா இல்லாம, குழாய்ல மட்டும் நிரப்பி வச்சிருக்கறதுதான் வழக்கம். தேவைப்பட்டா ஒரு தடவை பம்ப் பண்ணணும்.

இந்த 'நிரப்பி வைக்கலாமா, வேண்டாமா'ங்கற சின்ன விஷயம் எவ்வளவு பெருசாகும்னு பார்க்க பெய்ரூட்டுக்குப் போகணும்.

1983 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை 6:22. லெபனான் தலைநகர் விமான நிலையத்துல அமெரிக்க மரைன் படையோட தங்குமிடக் கட்டடம். ஒரு மஞ்சள் மெர்சிடிஸ் லாரி முள்கம்பிச் சுருளை மோதித் தள்ளிட்டு, ரெண்டு காவல் கூண்டுக்கு நடுவுல புகுந்து, திறந்திருந்த கேட் வழியா நேரா கட்டட முகப்புக்குள்ள போய் வெடிச்சது. 241 பேர் செத்தாங்க. கொஞ்ச நிமிஷத்துல பிரெஞ்சு வீரர்கள் தங்கியிருந்த இன்னொரு கட்டடத்துல 58 பேர்.

கூண்டுல நின்னவங்க கையில எம்16 இருந்தது. மேகசின் உள்ளே இல்லை. தவறுதலா வெடிச்சு உள்ளூர் மக்கள் மேல படக் கூடாதுங்கறதுக்காக உத்தரவே அப்படி. மேகசினை எடுத்து, மாட்டி, அறைக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள லாரி போயிடுச்சு. கொடுமை என்னன்னா, அதே வருஷம் ஏப்ரல்ல தூதரகத்துல குண்டு வெடிச்ச பிறகு, தூதரகத்தைக் காக்கற மரைன்களுக்கு மட்டும் தளர்வான விதி கொடுத்திருந்தாங்க. விமான நிலையத்துல பழைய விதியே இருந்தது. அட்மிரல் ராபர்ட் லாங் தலைமையில போட்ட விசாரணைக் குழு இந்த ரெண்டு விதியைப் பத்தி விவரமா எழுதியிருக்கு.

சரி, மேகசின் மாட்டியே இருந்திருந்தா? ஷாட்கன் இருந்திருந்தா? கணக்குப் போடுவோம். அந்த லாரியோட சரியான எடை வேண்டாம், பொதுவா ஒரு பத்து டன் லாரி, மணிக்கு 60 கி.மீ.ன்னு எடுத்துக்கோங்க. வினாடிக்கு 16.7 மீட்டர். ஷாட்கனுக்குக் கிடைக்கற 40 மீட்டரைக் கடக்க 2.4 வினாடி. ரைபிளுக்கு 300 மீட்டர் தெளிவா தெரியுதுன்னா 18 வினாடி. யோசிக்க, கத்த, குறி பார்க்க, சுட இந்த 18 வினாடி பெரிய சொத்து. அதனால வாசல்ல ரைபிள்தான், சந்தேகமே இல்லை.

ஆனா லாரியோட உந்தம் 1,67,000. ரைபிள் குண்டோடது 3.8. குண்டடிச்சே லாரியை நிறுத்தணும்னா 44,000 குண்டு. ஷாட்கன்னா 13,000 தோட்டா. டிரைவரைத்தான் அடிக்கணும், டிரைவர் செத்தாலும் அந்த உந்தம் எங்கேயும் போகாது, லாரி உருண்டுட்டே வரும். அதை நிறுத்த கான்கிரீட் தடுப்பு வேணும், பள்ளம் வேணும், வளைச்சு வளைச்சு வர்ற பாதை வேணும். பாதையை எஸ் மாதிரி வளைச்சு வேகத்தை 60-ல இருந்து 20-க்குக் கொண்டு வந்தா, லாரியோட இயக்க ஆற்றல் ஒன்பதுல ஒரு பங்காயிடும், காவல்காரனுக்குக் கிடைக்கற நேரம் மூணு மடங்காயிடும். சிவில் டிபார்ட்மென்ட் செய்யற இந்த உதவியை எந்தத் துப்பாக்கியும் செய்யாது.

என் கணிப்பைச் சொல்லிடறேன். வெளிவாசல், கண்காணிப்புக் கோபுரம், வேலி ஓரம்: ரைபிள். கைதிக் கூடம், கப்பலோட குறுகலான நடைபாதை, படிக்கட்டு: ஷாட்கனுக்கு இன்னும் இடம் இருக்கு. அமெரிக்கக் கடற்படை மாஸ்பெர்க் பம்ப் ஷாட்கன்களைக் கப்பல் காவலுக்கு வச்சிருக்கறதும் சும்மா இல்லை. 3,000 தோட்டா தொடர்ந்து சுட்டுத் தாக்குப் பிடிக்கணும்ங்கற ராணுவச் சோதனையில தேறின குடும்பம் அது. ரெண்டு பேர் பாரா நிக்கிற இடத்துல ஒருத்தர்கிட்ட ரைபிள், ஒருத்தர்கிட்ட ஷாட்கன்னு பிரிக்கறது எனக்குச் சரியாப் படுது. தனியா ஒரே ஒருத்தர்னா, குட்டைக் குழல் ரைபிளைக் கொடுத்துட்டு மிச்சக் காசை டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் செலவு பண்ணுவேன். யாருன்னு தெரியாம சுடறதை விட மோசமானது காவல்ல எதுவும் இல்லை.

கடைசியா உங்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு. அடுத்த தடவை ஃபீஸ் டிடி எடுக்க பேங்க் போறப்போ வாசல்ல உட்கார்ந்திருக்கற செக்யூரிட்டி தாத்தாவைப் பாருங்க. மடியில இருக்கறது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். ரெண்டே தோட்டா. அவர் நாற்காலியில இருந்து கேஷ் கவுன்டர் வரைக்கும் தரையில பதிச்ச டைல்ஸை எண்ணுங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டடி. மீட்டருக்கு மாத்தி 2.8-ஆல பெருக்குங்க. மாச முதல் வாரம், பென்ஷன் நாள். அந்த வட்டத்துக்குள்ள கொள்ளைக்காரனைத் தவிர இன்னும் எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணி எழுதி அனுப்புங்க.